விரல் சுற்றினால் பாட்டு அலறுகிறது

செகண்ட் ஹேண்டில் வாங்கிய என் காரில் விரலைக் காற்றில் சுழற்றினால் பாட்டுச் சத்தம் கூடும், எதிர்ப்பக்கம் சுழற்றினால் குறையும். கையை வீசினால் வருகிற போன் கட்டாகும். 2015இல் பி.எம்.டபிள்யூ 7 சீரிஸில் வந்த வசதி இது.

எனக்கோ கையை ஆட்டாமல் பேச வராது. திண்டிவனம் தாண்டி, மனைவியிடம் ஏதோ ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தபோது சத்தம் திடீரென்று உச்சிக்குப் போனது. பின்சீட்டில் தூங்கிய குழந்தை வீல் என்று அழுதது. ஸ்பீக்கர் கோளாறு என்று நினைத்து ஃப்யூஸ் வரை பார்த்தேன்.

குற்றவாளி என் விரல்தான். கூரையில் விளக்குகளுக்குப் பக்கத்தில் இருக்கும் அகச்சிவப்புக் கேமரா, திரைக்கு முன்னால் உள்ள இடத்தைத்தான் பார்க்கிறது. அங்கே கை போனால் அது கட்டளை. வண்டியை ஓரம்கட்டி, கையை மேலும் கீழும் கொண்டுபோய் அந்த எல்லையைக் கண்டுபிடித்தேன்.

அப்புறம் செட்டிங்ஸில் சத்தத்துக்கான சைகையை மட்டும் அணைத்தேன். ஸ்டியரிங் பட்டனே போதும், சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டாம். போனைக் கட் செய்யும் கைவீச்சை விட்டுவைத்திருக்கிறேன். அதிலும் ஒரு சங்கடம்: போன வாரம் ஈ ஓட்டப்போய் மாமனாரின் போன் கட்டாகிவிட்டது.