கொல்கத்தாவில் முதல் மூன்று நாள்: தனியாக முதுகுப்பையோடு இறங்குபவருக்கு

கொல்கத்தாவுக்கு முதல்முறை தனியாக வருபவர்கள் பெரும்பாலும் முதல் நாளே விக்டோரியா மெமோரியலில் தொடங்கிப் பட்டியல் போட்டு ஓடுகிறார்கள். மூன்று நாளில் இந்த ஊரைப் பார்த்து முடிக்க முடியாது. ஆனால் யார் துணையும் இல்லாமல் நடமாடப் பழகிவிடலாம், அதுதான் முதலில் வேண்டியது. இரண்டு கோடுகளை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, மேற்கே வடக்கு தெற்காக ஓடும் ஹூக்ளி ஆறு. இன்னொன்று, ஆற்றுக்குக் கொஞ்சம் கிழக்கே, தட்சிணேஸ்வரத்திலிருந்து தெற்கே இறங்கும் நீல நிற மெட்ரோ பாதை. நடு ஊரில் எந்தச் சந்தில் வழி தவறினாலும் மேற்கே நடந்தால் ஆறு வரும். பக்கத்து மெட்ரோ எது என்று கேட்டால் கடைக்காரர் யாரும் கை காட்டுவார்.

இறங்கும் ஸ்டேஷன்

டிக்கெட்டை இன்னொரு முறை பாருங்கள். சென்னையிலிருந்து புறப்படும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் 2022 முதல் ஹவுராவுக்கு வருவதில்லை, ஷாலிமாரோடு நின்றுவிடுகிறது. ஷாலிமாரும் ஆற்றின் ஹவுராக் கரையில்தான் இருக்கிறது, ஆனால் ஹவுரா ஸ்டேஷனிலிருந்து தள்ளி, தெற்கே. அங்கிருந்து ஹவுரா போய்ச் சுற்றிக்கொண்டு வர வேண்டாம். ஆப் டாக்ஸி பிடித்து வித்யாசாகர் சேதுப் பாலம் வழியே நேராக நடு ஊருக்கு வந்துவிடலாம்.

ஹவுராவில் இறங்கினால் மூன்று வழி. பகலில், பை எட்டுக் கிலோவுக்குள் இருந்தால் மெட்ரோதான் நல்லது. ஹவுரா, மகாகரண், எஸ்பிளனேடு என்று இரண்டாவது நிறுத்தத்தில் நகரத்தின் நடுவுக்கு வந்துவிடுவீர்கள். ஆற்றுக்கு அடியில் போகும் இந்தப் பகுதி 2024 மார்ச்சில் திறந்தது. ஸ்டேஷன் மிக ஆழத்தில் இருப்பதால் எஸ்கலேட்டரில் இறங்கவும் பை சோதனைக்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி படகு. ஸ்டேஷனுக்கு எதிரே ஆற்றங்கரையிலேயே படகுத்துறை. ஒவ்வொரு மேடையிலிருந்தும் வேறு வேறு துறைக்குப் படகு போகும் என்பதால், டிக்கெட் வாங்கும்போதே “பாபுகாட் எந்த ஜெட்டி?” என்று கேட்டுவிடுங்கள். இது கடல் ஏற்ற இறக்கம் உள்ள ஆறு. நீர் வற்றிய நேரத்தில் கரையிலிருந்து மிதவைக்கு இறங்கும் பாலம் நன்றாகச் சரிந்திருக்கும், மழையில் வழுக்கும். முதுகுப்பையின் இடுப்புப் பட்டியை மாட்டிக்கொண்டு, ஒரு கையைக் கம்பியில் வைத்து இறங்குங்கள். இருட்டிய பிறகு படகை நம்ப வேண்டாம். ரயில் இரவில் வந்து சேர்ந்தால் ப்ரீபெய்டு டாக்ஸி கவுன்டரில் சீட்டு வாங்குங்கள், அதுதான் மூன்றாவது வழி. வரிசைக்கு வெளியே வந்து “தாதா, எங்கே போகணும்?” என்று பையைத் தொடுபவரோடு பேரம் பேசத் தொடங்கவே வேண்டாம்.

ரூம்

குறைந்த செலவில் தங்குபவர்கள் காலம்காலமாக இறங்கும் தெரு சதர் ஸ்ட்ரீட். எஸ்பிளனேடிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடை, இந்தியன் மியூசியத்தின் பக்கச் சுவரை ஒட்டிப் போகும் தெரு. முதல் இரவுக்கு மட்டும் முன்பதிவு செய்யுங்கள், மீதியை ரூமைப் பார்த்தபின் முடிவு செய்யலாம். இங்கே பழைய கட்டடங்கள் அதிகம், ஜன்னல் தெருவைப் பார்க்காமல், கட்டடத்துக்கு நடுவே காற்றுக்காக விட்ட இடுக்கைப் பார்த்திருக்கும் ரூம்கள் உண்டு. உள்ளே போனதும் மூக்கில் ஈர வாடை அடித்தால் மெத்தையைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று நசநசத்தால் வேறு ரூம் கேளுங்கள், மழைக்காலத்தில் அந்த ரூமில் துணி காயாது. உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா, செக்-அவுட் நண்பகல் 12 மணியா 24 மணி நேரக் கணக்கா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சில்லறை

ரூமில் பையை வைத்ததும் முதல் வேலை சில்லறை சேர்ப்பது. பஸ் கண்டக்டர், ஷேர் ஆட்டோக்காரர், படகு டிக்கெட் கவுன்டர் எல்லாருக்கும் வேண்டியது குச்ரோ, அதாவது சில்லறை. நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் ஆட்டோவில் ஏறுவதற்கு முன்பே “குச்ரோ தின்” என்பார்கள். ஐநூறு ரூபாய்க்கு மாற்றி வைத்துக்கொண்டால் மூன்று நாள் ஓடும்: பத்து ரூபாய் இருபது, இருபது ரூபாய் பத்து, மீதி நூறுக்கு ஓர் ஐம்பதும் ஐந்து ரூபாய் நாணயங்களும். சட்டைப் பையில் பத்து ரூபாய்களை மட்டும் தனியாக வையுங்கள், கூட்டத்தில் பர்ஸை எடுக்கவே கூடாது.

இங்கே ஆட்டோ நம் ஊர்போல் கூப்பிட்ட இடத்துக்கு வராது. ஒரு குறிப்பிட்ட பாதையில்தான் ஓடும், பின்னால் மூன்று பேர், டிரைவர் பக்கத்தில் ஒருவர், ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கு. பெரிய பையோடு ஏறினால் ஓர் ஆளின் இடம் போகும், அதனால் ஊர் சுற்றும்போது சின்னப் பை போதும். பஸ்ஸில் கண்டக்டர் விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்த நோட்டுகளோடு வாசலில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயர்களை ஒரே மூச்சில் கூவுவார். முன்பலகையைப் படிப்பதைவிட அவரிடம் கேட்பதே வேகம். பெண்கள் இருக்கை தனியாக எழுதியிருக்கும், ஆண்கள் உட்கார்ந்திருந்தாலும் கேட்டால் எழுந்துவிடுவார்கள். இறங்க வேண்டிய இடத்துக்கு ஒரு நிறுத்தம் முன்பே “தாதா, நாம்போ” என்று சொல்லிக்கொண்டு வாசலுக்கு நகருங்கள். பஸ் முழுதாக நிற்கும் என்று காத்திருந்தால் அடுத்த நிறுத்தத்தில்தான் இறங்குவீர்கள்.

இன்னொன்று பலரையும் குழப்பும். பல ஒருவழிச் சாலைகள் மதியத்துக்கு மேல் எதிர்த்திசைக்கு மாறிவிடும். காலையில் ஏறிய இடத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று மாலையில் காத்திருந்தால் பஸ் வராது, அது பக்கத்துச் சாலையில் போய்க்கொண்டிருக்கும். பத்து நிமிடம் வரவில்லையென்றால் டீக்கடையில் கேட்டுவிடுங்கள்.

இரண்டு பெயர் உள்ள தெருக்கள்

மேப்பில் ஒரு பெயர், வாயில் வேறு பெயர். சௌரங்கி என்றால் ஜவகர்லால் நேரு ரோடு. பார்க் ஸ்ட்ரீட் மேப்பில் மதர் தெரசா சரணி. ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட் என்பது மிர்சா காலிப் ஸ்ட்ரீட், தியேட்டர் ரோடு என்பது ஷேக்ஸ்பியர் சரணி. எஸ்பிளனேடு வட்டாரத்தைப் பஸ்காரர்கள் தர்மதலா என்றுதான் கூவுவார்கள். பழைய பெயரைச் சொல்லிக் கேளுங்கள், புதுப் பெயரை மேப்பில் தேடுங்கள். ஒலி ஒத்த பெயர்களிலும் கவனம் வேண்டும்: பார்க் ஸ்ட்ரீட் வேறு, பார்க் சர்க்கஸ் வேறு. டாலிகஞ்ச், பாலிகஞ்ச் இரண்டும் வேறு. ஷ்யாம்பஜார், ஷோபாபஜார், பாக்பஜார் மூன்றும் வடக்கே அடுத்தடுத்து இருப்பதால் தவறாக இறங்குவது மிகச் சுலபம்.

மொழிக்கு ஐந்தாறு சொல் போதும். கொதோ? என்றால் எவ்வளவு. கோதாய்? எங்கே. டான் திக் வலது, பான் திக் இடது, ஷோஜா நேராக. ஆண்களைத் தாதா என்றும் பெண்களைத் திதி என்றும் அழைத்துத் தொடங்கினால், ஹிந்தியோ ஆங்கிலமோ கலந்து மீதியை அவர்களே புரிந்துகொள்வார்கள்.

இரண்டாம் நாள், விடிவதற்கு முன்

இந்த ஊரில் விடியல் சீக்கிரம், அஸ்தமனமும் சீக்கிரம். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், சென்னையைவிட முக்கால் மணி நேரத்துக்கும் மேல் முன்னதாக. ஆகவே பகல் நேரத்தைக் காலைப் பக்கமாகத்தான் நீட்ட வேண்டும்.

ஐந்தரை மணிக்கு மல்லிக் காட் பூச்சந்தையில் இருங்கள். அந்நேரம் மெட்ரோ ஓடாது, எஸ்பிளனேடிலிருந்து ஹவுரா போகும் பஸ்ஸோ டாக்ஸியோதான். ஹவுரா பாலத்தின் கொல்கத்தா முனையில், தெற்குப் பக்கம் படியிறங்கினால் சந்தை. 1943-இல் திறந்த இந்தப் பாலத்தில் நட்டு போல்ட்டே இல்லை, எல்லாம் ரிவெட். அதைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. சந்தையில் ஆரஞ்சும் மஞ்சளுமாகச் சாமந்திச் சரங்களைத் தேர்வடம்போலச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நிற்பார்கள். தரை முழுதும் நசுங்கிய பூவும் தண்ணீரும் சேர்ந்த சேறு. குதிகால் பட்டி உள்ள செருப்புப் போடுங்கள், ரப்பர் செருப்பு வழுக்கும். தலைச்சுமைக்காரர்களால் சட்டென்று நிற்க முடியாது. பாதை நடுவில் போட்டோ எடுக்க நின்றீர்கள் என்றால் இடி வாங்குவது உறுதி. ஓரத்தில் ஒரு கடையை ஒட்டி நில்லுங்கள். படித்துறைகளுக்குப் போகும் வழியில் சர்க்குலர் ரயிலின் தண்டவாளம் குறுக்கே வரும். ஆட்கள் சாவகாசமாக நடப்பதைப் பார்த்து ரயிலே வராது என்று நினைக்காதீர்கள், இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்து போங்கள்.

மெட்ரோ தொடங்கியதும் ஷோபாபஜார் போய்க் குமார்துலிக்கு நடங்கள். ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ தாமதமாகத்தான் தொடங்கும். குமார்துலியில் சாமிச் சிலை செய்யும் பட்டறைகள் சந்துப் பக்கமாகத் திறந்தே இருக்கும். மூங்கில் சட்டத்தில் வைக்கோலைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி உடம்பு செய்து, அதன்மேல் ஆற்றுக் களிமண்ணைப் பூசுவார்கள். காய்ந்து வெடித்த இடத்தில் மண்ணில் தோய்த்த துணியை ஒட்டித் தடவுவார்கள். துர்கா பூஜைக்கு இரண்டு மூன்று மாதம் முன்பு வந்தால் எல்லாக் கட்டத்தையும் ஒரே தெருவில் பார்க்கலாம். படம் எடுக்கும் முன் கேளுங்கள், ஈரச் சிலையில் பை உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது ஷோபாபஜார் துறையிலிருந்து படகில் ஹவுரா வரலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பைஸ் ஹோட்டல், அதாவது பழைய பாணி வங்காளச் சாப்பாட்டுக்கடை. காலேஜ் ஸ்ட்ரீட் பக்கம் ஸ்வாதீன் பாரத் ஹிந்து ஹோட்டல், நியூ மார்க்கெட் பக்கம் சித்தேஸ்வரி ஆஷ்ரம் இரண்டும் பெயர் பெற்றவை. இங்கே மொத்தச் சாப்பாடு என்று விலை கிடையாது. சோறு, பருப்பு, ஒவ்வொரு கிண்ணக் கறி, சில இடங்களில் வாழையிலைக்கும் எலுமிச்சைத் துண்டுக்கும்கூடத் தனித்தனிக் கணக்கு. பரிமாறுபவர் அன்றைய பட்டியலை வாயால் ஒப்பிப்பார், விலையையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசையாமல் வரிசையாகச் சாப்பிடுங்கள்: கசப்புக் கறி, பருப்பு, காய், மீன், கடைசியில் இனிப்புச் சட்னி. இலிஷ் என்ற மீனில் நூல் நூலாக முள் இருக்கும், அவசரத்தில் தின்ன முடியாது. முதல் தடவை பாப்தா மீன் கேளுங்கள், முள் குறைவு. கடுகெண்ணெய் பழகாத வயிறானால் ஒரு மீனோடு நிறுத்துங்கள். இரண்டு மணிக்குள் போங்கள், நல்ல மீன் அதற்குள் தீர்ந்துவிடும். சைவம் வேண்டுமானால் “நிராமிஷ்” என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் வெங்காயம் பூண்டும் இல்லாத சமையலைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

மூன்றாம் நாள்

திங்கட்கிழமையில் இந்த நாள் விழாமல் பாருங்கள். மியூசியமும் விக்டோரியாவின் உட்புறக் கூடங்களும் அன்று மூடியிருக்கும். புத்தகக் கடைத் தெருவான காலேஜ் ஸ்ட்ரீட்டுக்குப் போக நினைத்தால் ஞாயிறு ஆகாது. காலையில் 1767-இல் திறந்த சௌத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். மொழியறிஞர் வில்லியம் ஜோன்ஸின் உயர்ந்த கல்லறை இங்கேதான். நிழல் அடர்ந்த இடம் என்பதால் கொசு அதிகம், முழுக்கை அவசியம். மதிய வெயிலை மியூசியத்தில் கழித்துவிட்டு, மாலையில் மெட்ரோவில் காளிகாட் இறங்கி லேக் மார்க்கெட் நடங்கள். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பகுதி. இட்லியும் ஃபில்டர் காபியும் கிடைக்கும், வயிறு கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொள்ளும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பெருமழை பெய்தால் காலேஜ் ஸ்ட்ரீட், சென்ட்ரல் அவென்யூ பக்கம் முழங்கால் தண்ணீர் நிற்கும். ஆற்றில் நீர் ஏறியிருக்கும் நேரத்தில் வடிகால் மதகுகளை மூடிவிடுவதால், மழை விட்டபின்னும் பல மணி நேரம் வடியாது. அந்த நாளில் பஸ்ஸை விட்டுவிட்டு மெட்ரோவைப் பிடியுங்கள்.

திரும்பும் டிக்கெட்டில் ஹவுரா, ஷாலிமார், சாந்த்ராகாச்சி, சியால்தா, கொல்கத்தா என்று ஐந்தில் எது எழுதியிருக்கிறது என்று முந்தின இரவே பாருங்கள். “கொல்கத்தா” என்பதும் தனி ஸ்டேஷன், வடக்கே சித்பூரில் இருக்கிறது. சாந்த்ராகாச்சியோ ஷாலிமாரோ என்றால் வித்யாசாகர் சேதுவைத் தாண்ட வேண்டும், மாலை நெரிசலில் சதர் ஸ்ட்ரீட்டிலிருந்து ரயில் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே கிளம்பிவிடுங்கள்.