கறிவேப்பிலைப் புழு பாதியில் செத்தால்: என் அனுபவம்

வீட்டிலேயே படிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு கறிவேப்பிலை தின்னும் புழுவை எலுமிச்சைப் பட்டாம்பூச்சியாக வளர்ப்பதை விட நல்ல இயற்கைப் பாடம் கிடையாது. எனக்கு முதல் இரண்டு தடவையும் புழுக்கள் செத்தன. காரணம் இலை. கடைக் கறிவேப்பிலையில் பூச்சிமருந்து இருக்கும். கழுவினாலும் முழுசாகப் போகாது. மருந்தடிக்காத செடி கைவசம் இல்லாவிட்டால் புழுவை எடுக்கவே வேண்டாம்.

அடுத்த தப்பு மூடி. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவிலும் வியர்த்து, எச்சத்தில் பூஞ்சை பிடித்தது. இப்போது இரண்டு லிட்டர் கண்ணாடி ஜாடி, வாயில் கொசுவலைத் துணி, ரப்பர் பேண்ட். அடியில் செய்தித்தாள், தினமும் காலையில் மாற்ற வேண்டும். இலைக் கொத்தைத் தண்ணீர்க் குப்பியில் செருகினால் குப்பியின் வாயைப் பஞ்சால் அடைக்கணும். இல்லையென்றால் புழு உள்ளே இறங்கி மூழ்கிவிடும்.

சின்னப் புழு பறவை எச்சம் மாதிரி இருக்கும், பிறகுதான் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னால் செம்மஞ்சள் கொம்பு நீட்டி நாற்றம் விடும். பிள்ளைகள் அதற்காகவே தொடுவார்கள். ஒரு தடவை போதும்.

தின்பதை நிறுத்தி, தண்ணியாகக் கழிந்து, அங்குமிங்கும் அலைந்தால் கூட்டுப்புழு ஆகப்போகிறது. அப்போது சொரசொரப்பான குச்சி ஒன்றைச் சாய்த்து வையுங்கள். வெளிவரும் பூச்சி தொங்கித்தான் இறக்கையை விரிக்கும். பிடிமானமோ, கீழே பத்து சென்டிமீட்டர் இடமோ இல்லையென்றால் இறக்கை சுருங்கியபடியே காய்ந்துவிடும். கூடு கீழே விழுந்துவிட்டால் பதற வேண்டாம், துணி சுற்றிய அட்டையைச் சாய்த்து நிறுத்தி, அதன் அடியோரம் வைத்தால் பூச்சி தானே ஏறிக்கொள்ளும்.