கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டத் தடையா? செய்தியைப் படிக்கும் முறை

கடலில் எண்ணெய் தோண்டத் தடை என்ற ஒரு தலைப்பைக் கைப்பேசியில் காட்டி, "மாமா, பெட்ரோல் விலை ஏறுமா?" என்று கேட்டான் என் அக்காள் மகன். சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் 22 ஆண்டுகள் வெல்டிங் மேற்பார்வையாளராக இருந்தவன் நான். அவனும் இப்போது அதே தொழிலில்தான் இருக்கிறான். "பெட்ரோலை விடு, உன் ஓவர்டைம் என்னவாகும் என்று பார்" என்றேன். அவனுக்குச் சொன்னதுதான் இது.

முதலில், நின்றது எது என்று தேடுங்கள். புதிய உரிமமா, துளையிடும் வேலையா, ஓடிக்கொண்டிருக்கும் கிணறா? 2018இல் நியூசிலாந்து நிறுத்தியது கடலில் புதிய ஆய்வு உரிமங்களை மட்டும். பழைய உரிமங்கள் அப்படியே இருந்தன. 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' என்ற எண்ணெய் தோண்டும் மேடை வெடித்து 11 பேர் இறந்த பிறகு, அமெரிக்கா 500 அடிக்கு மேல் ஆழமான நீரில் துளையிடுவதை நிறுத்தியது. 33 மேடைகளில் வேலை நின்றது. ஏற்கெனவே ஓடிய கிணறுகளிலிருந்து எண்ணெய் வந்துகொண்டுதான் இருந்தது. அதனால் உரிமத் தடை என்றால் விளைவு தெரியப் பல ஆண்டுகள் ஆகும். துளையிடும் தடை என்றால் மேடைத் தொழிலாளிக்கு அந்த வாரமே அடி.

அடுத்து, தடை நிலைக்குமா என்று பாருங்கள். அந்த வெடிப்பில் கசிந்த எண்ணெய் அமெரிக்காவின் லூசியானா மாநிலக் கரையில்தான் அதிகம் ஒதுங்கியது. ஆனால் தடையை எதிர்த்து உரக்கப் பேசியவர்களில் அந்த மாநில ஆளுநரும் ஒருவர். மீன்பிடியும் எண்ணெயும் ஒரே ஊருக்குச் சோறு போட்டால் அப்படித்தான். ஜூன் 22 அன்று நீதிமன்றம் தடையை முடக்கியது, ஜூலையில் அரசு வேறொரு தடை கொண்டுவந்தது, அக்டோபர் 12 அன்று அதையும் விலக்கியது. நியூசிலாந்தில் ஆட்சி மாறி, 2025இல் அந்தச் சட்டமும் போயிற்று. எனவே அடுத்த தேர்தல் எப்போது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இனி நம் பட்டறை. சிங்கப்பூரில் சொட்டு எண்ணெய் கிடையாது. எண்ணெய் தோண்டும் மேடைகளைக் கட்டியே பெயர் வாங்கிய ஊர் இது. மெக்சிகோ வளைகுடாவில் வேலை இழந்த சில மேடைகள் எகிப்துக்கும் காங்கோவுக்கும் போயின. ஓரிடத்தில் தடை என்றால் மேடை இடம் மாறும், அவ்வளவுதான். எல்லா இடத்திலும் நின்றால்தான் பட்டறைக்கு ஆபத்து. 2014இல் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே இறங்கியதே, அப்போது அதைப் பார்த்தேன். அது அரசின் தடை இல்லை, விலைச் சரிவு. பட்டறைக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆர்டர் எடுத்தபோது பல வாடிக்கையாளர்கள் பத்து, இருபது விழுக்காடு முன்பணம்தான் தந்திருந்தார்கள். மீதி மேடையை ஒப்படைக்கும்போது. வேலை இல்லாத மேடையை எவர் வாங்க வருவார்? எங்கள் துறைமேடையில் ஒரு ஜாக்-அப் மேடை (கடல் தரையில் கால் ஊன்றி நிற்கும் வகை) மூன்று கால்களையும் வானத்துக்குத் தூக்கியபடி ஓராண்டுக்கு மேல் நின்றது. கால்களின் பற்கள் துருப்பிடிக்காமல் இருக்கக் கிரீஸ் தடவப் போவோம். முப்பது பேர் இருந்த என் குழுவில் அந்த வேலைக்கு நான்கு பேர் போதும். மற்றவர்களில் பலர் திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் விமானம் ஏறினார்கள்.

வீட்டுச் செலவுக்கு வந்தால், பெட்ரோல் பங்க் பலகையைப் பார்த்துப் பதற வேண்டாம். 95 ரகப் பெட்ரோல் விலையில் லிட்டருக்கு 66 காசு வரி; கச்சா எண்ணெய் ஆடினாலும் அது ஆடாது. மின்கட்டணத்தைத்தான் நான் கவனிப்பேன். நம் மின்சாரத்தில் பெரும்பங்கு இயற்கை எரிவாயுவில் உற்பத்தியாகிறது. அதில் ஒரு பகுதி இந்தோனேசியாவின் மேற்கு நத்துனா கடலிலிருந்து குழாயில் வருகிறது. தலைப்பில் நத்துனா என்று இருந்தால் இரண்டு முறை படியுங்கள்.

பட்டறையில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. மேடையை வாங்குபவரின் ஆய்வாளர்கள் உட்காரும் கன்டெய்னர் அலுவலகம் ஒன்று இருக்கும். அதன் வாசலில் காலையில் எத்தனை செருப்பு, எத்தனை பூட்ஸ் என்று எண்ணிக்கொண்டே போங்கள். 2015இல் எங்களுக்கு எந்த அறிவிப்பும் வருவதற்கு முன்பே அந்த வாசல் காலியாகிவிட்டது.