பன்னிரண்டு மாதமும் பார்க்க ஏதாவது இருக்கும் வீட்டுத் தோட்டம்: கிழக்குக் கரைக்கு ஒரு திட்டம்

சென்னையிலிருந்து கடலூர் வரையுள்ள கடற்கரைச் சமவெளியில் தோட்டம் போடுகிறவர்கள் பலர் நர்சரிக்குப் போய், அன்று எது பூத்திருக்கிறதோ அதை வாங்கி வந்துவிடுகிறார்கள். மார்கழியில் ஆசையாக வாங்கியது சித்திரையில் கருகுகிறது. இந்த மண்ணுக்கென்றே ஒரு காடு உண்டு. மரக்காணம் பக்கம் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குள் மே மாதம் நுழைந்து பாருங்கள். யாரும் தண்ணீர் ஊற்றாமலே பச்சையாக நிற்கும். தடித்த பளபளப்பான இலைகள், நெருக்கமான குத்துச்செடிகள், மேலே ஏறும் கொடிகள், தரையில் கணுக்கால் அளவு சருகு. இதை உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். இதே அடுக்குகளை 20க்கு 30 அடிக் கொல்லையில் கொண்டுவர முடியும்.

முதலில் தாள், பிறகு மண்வெட்டி

ஒரு தாளில் ஆறு கட்டம் போடுங்கள்: கார் (ஆவணி, புரட்டாசி), கூதிர் (ஐப்பசி, கார்த்திகை), முன்பனி (மார்கழி, தை), பின்பனி (மாசி, பங்குனி), இளவேனில் (சித்திரை, வைகாசி), முதுவேனில் (ஆனி, ஆடி). ஒவ்வொன்றிலும் பூ, பழம், இலை என்று மூன்று வரி. நிரம்பாத கட்டத்துக்குத்தான் செடி தேட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் முன்பனிக் கட்டம் வழியும். மாசி முதல் ஆடி வரை காலியாகக் கிடக்கும். கோடையை முதலில் நிரப்புங்கள். மழைக்காலம் தானாக நிரம்பிவிடும்.

நம் ஊரில் தோட்டத்தை வெறுமையாக்குவது பனி அல்ல, வெயில். அதனால் நடும் செடிகளில் பாதிக்கு மேல் ஆண்டு முழுவதும் இலை நிற்கும் காட்டுக் குத்துச்செடிகளாக இருக்கட்டும். காயா, கொஞ்சி, சுலுந்து, காட்டு எலுமிச்சை ஆகிய நான்கும் போதும். காயா மெதுவாக வளரும். பொறுத்தால் கோடை மழைக்குப் பிறகு கிளையோடு ஒட்டி நீலப் பூ பூக்கும். கொஞ்சி மர நிழலிலும் வளரும்; அதன் இளஞ்சிவப்புப் பழத்தை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே விதை தெரியும். சுலுந்து வேனிலில் வெள்ளைக் கொத்தாகப் பூக்கும். காட்டு எலுமிச்சைக்கு முள் உண்டு, வேலியோரம் வையுங்கள்.

இந்தப் பச்சைப் பின்னணியின் மேல் பருவப் பூக்கள் வரும். சித்திரைக்குக் கொன்றை. ஆவணிக்குப் பவழமல்லி. மழைக்குச் செங்காந்தளும் சங்குப்பூவும். மார்கழிக்கு டிசம்பர் பூவும் செம்முள்ளியும். தையில் காப்புக் கட்ட ஆவாரையும் சிறுபூளையும். மாசிக்குக் குருக்கத்தி, அதன் மணத்துக்காகவே ஒரு செடி வைக்கலாம். கொடியாக விட்டால் பந்தலையே சாய்த்துவிடும். ஆண்டுதோறும் பூ முடிந்ததும் வெட்டி, ஐந்தடிப் புதராகவே வைத்திருங்கள்.

எங்கே எது

மேற்கே ஒரு மகிழம். வீட்டுச் சுவரிலிருந்து 10 அடி, மதிலிலிருந்து 6 அடி தள்ளி. மாலை வெயிலைத் தடுக்க இதைவிட நல்ல மரம் சின்ன இடத்துக்கு இல்லை: இலை உதிர்த்து மொட்டையாக நிற்காது, வெட்டினாலும் தாங்கும். கொன்றையை நிழலுக்கென்று வைக்காதீர்கள். அது இலை உதிர்த்துப் பூப்பதே கத்திரி வெயிலை ஒட்டித்தான். நிழல் தேவைப்படும் நேரத்தில் பூ மட்டும் இருக்கும். வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற மூலை அதற்குச் சரி. ஆல், அரசு இரண்டும் வீட்டை ஒட்டி வேண்டவே வேண்டாம். சுவர் விரிசலில் முளைத்தால் கூடப் பிடுங்கிவிடுங்கள்.

மகிழம் நிழல் தரப் பல வருடம் ஆகும். அதுவரைக்கும் அதிலிருந்து நான்கடி தள்ளி இரண்டு அகத்தி விதை ஊன்றுங்கள். மளமளவென்று வளர்ந்து இளஞ்செடிகளுக்கு மெல்லிய நிழல் தரும், கீரையும் கிடைக்கும்.

குத்துச்செடிகளை மூன்றடி இடைவெளியில், ஒரே இனத்தை மூன்று மூன்றாகச் சேர்த்து, ஒரே வரிசையில் இல்லாமல் முன்னும் பின்னுமாக நடுங்கள். இனத்துக்கு ஒன்று என்று சிதறி நட்டால் எது பூத்தாலும் கண்ணில் படாது. நடுவே இரண்டரை அடி நடைபாதையை வளைத்து விடுங்கள். நேராகப் போட்டால் பின்மதில்தான் முதலில் தெரியும்.

நடும் வேலை

ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி முடிவுக்குள் நடவேண்டும். வடகிழக்குப் பருவமழையும் பனிக்காலமும் சேர்ந்து வேருக்கு ஐந்து மாத அவகாசம் தருகின்றன. தையில் நட்ட அதே செடிக்கு முதல் கோடையிலேயே கூடுதல் தண்ணீர் தேவைப்படும், பல பிழைக்காது.

அதற்கு முன் மண்ணைச் சோதியுங்கள். ஓரடி ஆழக் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் களிமண். அங்கே குழிக்குள் நட்டால் கார்த்திகையில் வேர் அழுகும். ஓரடி உயரத்துக்கு மேடு கட்டி அதன் மேல் நடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் வடிந்தால் கடல் மணல். தொழுவுரத்தோடு ஒரு கூடை வண்டல் மண்ணும் சேர்க்க வேண்டும்.

மரத்துக்கு இரண்டடிக் குழி, குத்துச்செடிக்கு ஒன்றரை அடி. வெட்டிய மண்ணோடு மக்கிய தொழுவுரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கலந்து, கரையான் உள்ள இடமானால் குழிக்கு 200 கிராம் வேப்பம்புண்ணாக்கு சேர்த்து, ஒரு வாரம் ஆறவிடுங்கள். உரம் அதிகமானால் வேர் அந்தக் குழிக்குள்ளேயே சுற்றும், வெளி மண்ணுக்குப் போகாது. மக்காத சாணம் வேரைச் சுடும்.

ஆறடிச் செடியைவிட ஒன்றரை அடிச் செடி நல்லது. பையைக் கிழித்து அடிவேரைப் பாருங்கள்: சுருளாகச் சுற்றியிருந்தால் அந்தச் சுருளை மட்டும் கத்தரித்துவிட்டு நடுங்கள். அப்படியே நட்டால் சில வருடம் கழித்துப் புயல் காற்றில் மரம் அடியோடு சாயும். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் குழியிலும் இருக்க வேண்டும். தண்டைப் புதைத்தால் பட்டை அழுகும். மகிழம், கொன்றை வனத்துறை நாற்றங்கால்களில் கிடைக்கும். காயா, கொஞ்சிக்கு ஆரோவில் பக்கம் விசாரியுங்கள்.

செங்காந்தள் தனியாகச் சொல்ல வேண்டியது. கிழங்கு கவை போல இருக்கும், முளை நுனியில்தான். நுனி ஒடிந்தால் அந்தப் பக்கம் முளைக்காது. ஆடி, ஆவணியில் மூன்று அங்குல ஆழத்தில் படுக்கவைத்து மூடுங்கள். இலை நுனியே பற்றுக்கம்பி போலச் சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொள்ளும்; அதனால் காயாவின் காலடியில் வைத்தால் தனிப் பந்தல் வேண்டாம். தையில் காய்ந்து மறையும், செத்துவிட்டதென்று தோண்டாதீர்கள். இடம் தெரிய ஒரு கல் வைத்துவிட்டு, அங்கே தண்ணீர் ஊற்றுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். செடி முழுவதும் கடும் நஞ்சு, கிழங்கு உயிரையே எடுக்கும். சின்னக் குழந்தையோ வாயில் போடும் நாயோ உள்ள வீட்டில் இதை விட்டுவிட்டுச் சங்குப்பூவோடு நிறுத்திக்கொள்வதுதான் சரி.

மழைநீரும் சருகும்

மாடித் தண்ணீரை ஒரு பள்ளத்துக்குத் திருப்புங்கள்: அஸ்திவாரத்திலிருந்து 10 அடி தள்ளி, 6 அடி அகலம், ஓரடி ஆழம். மழை விட்டு இரண்டு நாளில் வடிய வேண்டும். ஒரு வாரம் நின்றால் கொசு வந்துவிடும்; அப்படியானால் ஆழத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுங்கள்.

உதிரும் இலையைக் கூட்டி எரிப்பதுதான் இந்தத் தோட்டத்துக்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல். மாசி, பங்குனியில் விழுவதை நான்கு அங்குலத்துக்குப் பரப்புங்கள், தண்டைச் சுற்றி ஒரு சாண் மட்டும் விட்டு. வரப்போகும் வெயிலுக்கு அதுதான் போர்வை. முதல் கோடையில் குத்துச்செடிக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை 8 லிட்டர், இளமரத்துக்கு 15 லிட்டர்; மேலே தெளிக்காமல் பாத்தி நிறைய ஊற்றுங்கள். தினமும் ஒரு குவளை ஊற்றினால் வேர் மேலாகவே படரும். இரண்டாம் கோடையில் வாரம் ஒருமுறை போதும்.

மழைக்குப் பிறகு கொன்றைத் தளிரைப் பச்சைப் புழுக்கள் மொட்டையடிக்கும், கறிவேப்பிலையை வேறு வகைப் புழுக்கள் கடிக்கும். மருந்தடிக்காதீர்கள். அவை வண்ணத்துப்பூச்சிகளாகும், இலை சில வாரத்தில் திரும்பிவிடும்.

மூன்றாம் ஆண்டு புரட்டாசியில் அகத்தியை வெட்டுங்கள். வேரைப் பிடுங்க வேண்டாம், தரை மட்டத்தில் அறுத்தால் போதும். மழைக்கு முன் வெட்டினால்தான் கீழே நிழலில் வளர்ந்த செடிகள் அடுத்த கோடைக்குள் வெயிலுக்குப் பழகும். பங்குனியில் வெட்டினால் கொஞ்சியின் இலை ஒரே வாரத்தில் வெளுத்துவிடும்.