தட்டின் ஓரத்தில் இருந்த உப்பு

ரத்த அழுத்தம் 150/96 என்று வந்ததும் சமையலில் உப்பைப் பாதியாக்கினேன். மூன்று வாரமாகியும் பெரிதாக இறங்கவில்லை. அப்புறம்தான் தட்டின் ஓரத்தைக் கவனித்தேன்: ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு. உப்பு அங்கேதான் இருந்தது. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, அதிலும் இருப்பது உப்பில் உள்ள அதே சோடியம்தான்.

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார அமைப்பு. அதாவது சுமார் ஒரு தேக்கரண்டி. வீட்டில் பெரியவர்கள் நான்கு பேர். காலையிலேயே நான்கு தேக்கரண்டி உப்பைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்தோம். இட்லி மாவு முதல் ரசம் வரை அதிலிருந்துதான். முதல் நாள் மதியமே கிண்ணம் காலி.

தயிர்சாதம்தான் ரொம்பக் கஷ்டம். உப்பில்லாமல் தொண்டையில் இறங்கவே இல்லை. இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, மாங்காய்த் துருவல் எல்லாம் போட்டுப் பிசைந்து, சாப்பிடும்போது மேலே ஒரு சிட்டிகை உப்பு மட்டும் தூவினேன். நாக்கில் முதலில் படுவதால் அதுவே போதுமானதாக இருந்தது. இப்போது கல்யாண வீட்டுச் சாம்பார் கரிக்கிறது.

சோடியம் குறைந்த உப்பு வாங்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். அதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில பிரஷர் மாத்திரைகளோடும் ஆபத்து, வேண்டாம் என்றார். சரி என்று விட்டுவிட்டேன். மாத்திரை தொடர்கிறது. நேற்று பார்த்தபோது 132/84.