அமுக்கரா வாங்கும் முன் ஆய்வைப் படிப்பது எப்படி?

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் போனால் அமுக்கராப் பொடியும் கிடைக்கும், அஸ்வகந்தா மாத்திரையும் கிடைக்கும். இரண்டும் ஒரே மூலிகைதான். நான் மருந்துக் கடையில் வேலை பார்ப்பதால், "ஆய்வுலயே நிரூபிச்சிட்டாங்களாமே, வாங்கலாமா?" என்று அண்ணியும் கேட்கிறார், கீழ்வீட்டு அக்காவும் கேட்கிறார். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஆய்வில் எதைக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். பலரும் எடுத்துச் சொல்லும் 2012ஆம் ஆண்டு இந்திய ஆய்வில் மன அழுத்தம் உள்ள 64 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவுக்கு வேரிலிருந்து எடுத்த செறிவான சாறு, 300 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, 60 நாள். இன்னொரு பிரிவுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. சாறு சாப்பிட்டவர்களுக்கு மன அழுத்தமும் ரத்தத்தில் கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவும் நன்றாகவே குறைந்தன. நல்ல செய்திதான். ஆனால் 64 பேர், இரண்டே மாதம் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

அந்தச் சாறு வேறு, பாலில் கலக்கும் பொடி வேறு. டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்: வேர் மட்டுமா, இலையும் உண்டா? இந்த மூலிகையின் முக்கிய வேதிப்பொருளான வித்தனோலைடு எத்தனை விழுக்காடு? ஒரு மாத்திரையில் எத்தனை மில்லிகிராம்? இவை இல்லையென்றால் ஆய்வின் முடிவை அந்த டப்பாவுக்குப் பொருத்திப் பார்க்கவே வழியில்லை. நானாக இருந்தால் வாங்க மாட்டேன்.

அப்புறம், உங்கள் உடம்பு. எனக்கு இதுதான் பெரிய கவலை. தைராய்டு லேசாகக் குறைந்திருந்த 50 பேரிடம் நடத்திய 2018 ஆய்வில், அஸ்வகந்தா சாப்பிட்டவர்களுக்குத் தைராய்டு சுரப்பு கூடியது. அண்ணி ஏற்கெனவே தைராய்டு மாத்திரை போடுகிறவர். இதையும் சேர்த்தால் அளவு ஏறிவிடலாம். அதனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. நீரிழிவு, ரத்தக்கொதிப்பு, தூக்கத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

இங்கே சத்து மாத்திரைகளை விற்பதற்கு முன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதல் தேவையில்லை. தரத்துக்கு விற்பவரே பொறுப்பு. இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளை அமெரிக்காவில் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. பெயர் தெரியாத இணையக் கடை வேண்டாம்.

பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) மருத்துவரைப் பார்க்கப் போகும்போது டப்பாவையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். சாப்பிடத் தொடங்கிய பிறகு கண் மஞ்சளானாலோ சிறுநீர் கருத்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அஸ்வகந்தாவால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றிய மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன.