பழைய டிராக்டர் கிளம்பாதபோது டீசல் பாதையில் ஏர் எடுக்கும் முறை

மாஸே ஃபெர்குசன் 35 போன்ற பழைய டிராக்டர் ஒன்று செல்ஃப் அடித்தும் கிளம்பாவிட்டால், பலரும் முதலில் நாசில்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்பைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோகிறார்கள். பெரும்பாலும் அது வீண்செலவு. டேங்கிலிருந்து எஞ்சினை நோக்கி ஒவ்வொரு இடமாகப் பார்த்து, டீசல் எங்கே நிற்கிறது என்று கண்டறிந்த பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரைக் கவனியுங்கள். எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றியும் புகையே வரவில்லை என்றால், டீசல் சிலிண்டருக்குள் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. அப்போது ஏர் எடுத்து, அதாவது டீசல் பாதையில் சிக்கிய காற்றை வெளியேற்றிப் பயனில்லை, பேட்டரியையும் கம்ப்ரஷனையும் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) பார்க்க வேண்டும். ஸ்டாப் குமிழ் முழுவதும் உள்ளே தள்ளப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இதை மறந்து அரை நாளைத் தொலைத்தவர்கள் உண்டு.

அரை மணி நேரம் ஓடி நின்று, சற்றுப் பொறுத்தபின் மீண்டும் கிளம்பும் வண்டியில் டேங்க் மூடியைச் சந்தேகிக்கலாம். மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டால், டீசல் குறையக் குறைய டேங்கினுள் வெற்றிடம் உண்டாகி ஓட்டம் நின்றுவிடும். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால் குறை அங்கேதான் இருக்கிறது. அடுத்து, டேங்கின் அடியிலுள்ள குழாயைத் திறந்து, ஃபீட் பம்பிற்கு (டேங்கிலிருந்து டீசலை இழுத்து ஃபில்டருக்கு அனுப்பும் சிறு பம்ப்) வரும் பைப்பைக் கழற்றிப் பாருங்கள். டீசல் தடையின்றி ஒழுக வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் குழாயின் வலை அடைத்திருக்கிறது. அந்த அடைப்பை அப்படியே விட்டால், ஃபீட் பம்ப் இழுக்கும் இழுப்பில் தளர்ந்த இணைப்புகளின் வழியே காற்று புகும். வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாமலே காற்று உள்ளே போகும் என்பதால், ஒவ்வொரு முறை கழற்றும்போதும் செம்பு வாஷரைப் புதிதாகப் போடுவது நல்லது.

இனி ஏர் எடுக்கலாம். இங்கே சொல்வது, நாசில்களுக்கு டீசல் அனுப்பும் பம்ப் சுழல் வகையான சி.ஏ.வி. நிறுவனத்தின் டி.பி.ஏ. மாடலாக உள்ள எஞ்சினுக்கானது. நேர்வரிசைப் பம்பில் திருகுகளின் இடம் வேறு. ஃபில்டர் தலையிலுள்ள திருகையும், பம்பின் பக்கவாட்டிலும் கவர்னர் (எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) மூடியின் மேலும் உள்ள ஏர் திருகுகளையும் தளர்த்தி, ஃபீட் பம்பின் கை நெம்பை அசையுங்கள். நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும் ஃபில்டர், பம்பின் பக்கவாட்டு, கவர்னர் என்ற வரிசையில் முறுக்கிவிடுங்கள். நெம்பு கனமின்றித் தளர்வாக ஆடினால் ஃபீட் பம்ப் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். ஃபீட் பம்பை இயக்கும் கேமின் மேடு அதை அழுத்திப் பிடித்திருக்கலாம், எஞ்சினை ஒரு சுற்று சுற்றிவிட்டு மீண்டும் அசைத்துப் பாருங்கள்.

பின்னர், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் மூன்று நாசில்களில் இரண்டின் பைப் நட்டுகளைத் தளர்த்தி, ஆக்சிலரேட்டரை முழுவதும் திறந்து, செல்ஃப் அடியுங்கள். காற்றில்லாத டீசல் பீறிட்டதும் நட்டுகளை முறுக்குங்கள். பீறிடும் டீசலின் முன் ஒருபோதும் கையை நீட்டக் கூடாது. உயர் அழுத்தத்தில் அது தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும், அப்படி நேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். செல்ஃபைத் தொடர்ந்து அரை நிமிடத்துக்கு மேல் அடிக்காமல், இடையிடையே ஆற விடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் டீசல் நாசில் வரை வரவில்லை என்றால், அப்போது பம்பைக் கழற்றலாம்.